மேடைக்கு வராத குதிரை

"மேடம், அந்தக் குதிரை எப்படி இருந்துச்சு?" என்று பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால். நலம் விசாரிக்காமல் ஆசிரியர் பேச்சைத் தொடங்கினால் அடுத்து வருவது நல்ல செய்தியாக இருக்காது என்று விமர்சகிக்குத் தெரியும். மருத்துவமனை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். எதிர்முனையில் ஆள் மூச்சு விடுகிற தினுசை வைத்தே வார்டா, பில் கட்டும் இடமா, பிணவறையா என்று இணைப்பைக் கொடுத்துப் பழகியவள். ஆசிரியரின் இன்றைய மூச்சு மூன்றாவது ரகம்.

"கம்பீரமா இருந்துச்சு சார். எழுதியிருக்கேனே."

"எழுதியிருக்கீங்க. 'மரக்குதிரை என்று யாரேனும் சத்தியம் செய்தாலும் மனம் நம்பாது'ன்னு எழுதியிருக்கீங்க. அதைப் படிச்சுட்டுப் பதினோரு பேர் கடிதம் போட்டிருக்காங்க. பதினொண்ணுலயும் ஒரே கேள்வி. எந்தக் குதிரை?"

விமர்சகி கையில் இருந்த டம்ளரை மேஜையில் வைத்தாள். வைத்த இடத்தை மறந்துவிடக் கூடாது என்று விரலால் ஒருமுறை தட்டிக்கொண்டாள்.

பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. வாசகர்களுக்கு இது தெரியாது. வாரப் பத்திரிகையின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் 'நாலாம் வரிசை' என்ற பெயரில் எட்டு மாதமாக நாடக விமர்சனம் எழுதுகிறாள். அரங்கத்தில் விமர்சகர்களுக்கு நாலாம் வரிசையில் நட்டநடு இருக்கை ஒதுக்குவது வழக்கம். பெயர் அப்படி வந்தது. வசனத்தையும் பாட்டையும் காது பார்த்துக்கொள்ளும். பேச்சில்லாத இடங்களில் மேடையில் என்ன நடக்கிறது என்பதை ஹெட்போனில் ஒரு வர்ணனையாளர் சொல்வார். அரங்கத்தைப் புதுப்பித்து, 'எல்லாருக்குமான அரங்கம்' என்று பெயர்ப்பலகை மாட்டித் திறந்தபோது வந்த வசதி அது. அந்த ஹெட்போன் வந்த மறுவாரம்தான் அவள் ஆசிரியரிடம் போய், "எனக்கு ஒரு பக்கம் குடுங்க சார், எழுதிக் காட்டுறேன்" என்றாள். எழுதியும் காட்டினாள்.

இன்று குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்துக்கொண்டிருந்தது.

"குதிரை மட்டும்னா எப்படியாவது சமாளிச்சிருப்பேன்" என்று ஆசிரியர் தொடர்ந்தார். "ராணி பதினெட்டுப் படி இறங்கி வந்தாங்கன்னு சொல்லி, படிக்கட்டைச் செஞ்ச தச்சருக்கு ஒரு பாரா பாராட்டு வேற. படிக்கட்டே இல்லையாம். கடைசியில அண்ணன் ராஜாவும் தம்பி ராஜாவும் மெதுவா, சத்தமே இல்லாம வாள் சண்டை போட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. வாளும் இல்லையாம். ரெண்டு பேரும் எதிரெதிரே நின்னு முறைச்சுக்கிட்டாங்களாம். அவ்வளவுதானாம்."

"ராணி படி இறங்கினப்ப விடாம கைதட்டினாங்க சார். என் காதால கேட்டேன்."

"தப்பா எடுத்துக்காதீங்க. முதலாளி கேக்கச் சொன்னார். நாடகத்துக்குப் போனீங்களா, இல்ல நோட்டீஸைப் பாத்து எழுதினீங்களா?"

அவளால் நோட்டீஸையும் பார்க்க முடியாது என்பதை அந்த நேரத்தில் ஆசிரியரும் மறந்துவிட்டார். கோபத்தில் அவளும் மறந்துவிட்டாள்.

"வியாழன் மத்தியானம் மூணு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகுது" என்றார் அவர். "அதுக்குள்ள ஒரு விளக்கம் குடுங்க. இல்லன்னா அந்த இடத்துல ராசிபலன் போட்டுக்கலாம்ங்கிறார்."

*

தையற்கடை வைத்திருக்கும் நாத்தனார் விஷயத்தைக் கேட்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைப்பது அபூர்வம்.

"அண்ணி, இது சாதாரண கேஸ் இல்ல. அந்த ஹெட்போன் ஆளுக்கும் உங்களுக்கும் முன்பகை ஏதாவது?"

"அவரை நான் பாத்ததே இல்லடி."

"நீங்க யாரைத்தான் பாத்திருக்கீங்க. எங்க அண்ணனைக்கூடப் பாக்காமதான் கட்டிக்கிட்டீங்க."

"பாத்திருந்தா கட்டியிருப்பேனா?"

"அதுவும் சரிதான்" என்று நாத்தனார் தன் அண்ணனை ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்தாள். "நாளைக்கு மூணு மணி ஆட்டத்துக்கு நானும் வர்றேன். அந்த ஆள் காதுல ஒண்ணு சொல்லட்டும், நான் கண்ணால ஒண்ணு பாக்கிறேன். கையும் களவுமா பிடிச்சிரலாம். இனிமே நானே கூட வந்து எல்லாத்தையும் சொல்றேன், அந்தாளே வேண்டாம்."

"போன வருஷம் நீ சொன்ன லட்சணம் ஞாபகமிருக்கு. கதாநாயகி செத்துக் கிடக்கிறா, நீ ஜாக்கெட் கைக்கு எத்தனை அங்குலம்னு சொல்லிக்கிட்டிருந்த."

"ஒன்பது. தையலும் கோணல்" என்றாள் நாத்தனார், வருஷம் போனாலும் மன்னிக்காதவளாக.

*

புதன்கிழமை இரண்டரை மணிக்கு அரங்க மேலாளர் வாசலுக்கே வந்து வரவேற்றார். குரலில் பன்னீர் தெளித்திருந்தது.

"வாங்க வாங்க. நம்ம அரங்கம் நூத்துக்கு நூறு எல்லாருக்குமான அரங்கம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட்டாச்சு. உங்களை மாதிரி இருக்கிறவங்களுக்குத் தொட்டுப் படிக்கிற பலகை வச்சாச்சு. இதோ, உங்க வலது கைப்பக்கம்."

விமர்சகி கையை நீட்டினாள். வழவழவென்று குளிர்ச்சியாக ஏதோ தட்டுப்பட்டது. மேலும் கீழும் தடவினாள். எல்லா இடமும் ஒரே வழவழப்பு.

"சார், இது என்ன?"

"கண்ணாடி. எல்லாரும் தொட்டா பலகை அழுக்காயிடுதும்மா. அதான் மேல கண்ணாடி போட்டு வச்சிருக்கோம்."

நாத்தனாருக்குப் புரையேறியது. விமர்சகி அவள் முதுகில் தட்டிக்கொடுத்தபடியே ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். ஆட்டத்துக்கு முன்னால் வர்ணனையாளர் மைக் சரிபார்க்கும் நேரம் அது. "ஒண்ணு, ரெண்டு, மூணு. வணக்கம்" என்றது வழக்கமான குரல்.

குரலுக்குப் பின்னால் இன்னொன்று. உர்ரென்று ஒரு மோட்டார். டக்கென்று நின்றது. கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசுகிற சன்னமான கிணுகிணுப்பு.

எட்டு மாதமாக அதைக் கேட்டிருக்கிறாள். கருவியின் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டாள். டெலிபோன் ஆபரேட்டருக்கு இதைவிடப் பெரிய வெட்கக்கேடு கிடையாது.

"நாத்தனாரே, இங்க கேன்டீன் எந்தப் பக்கம்?"

"இப்பப் போய் காபியா அண்ணி? கேஸ் என்ன ஆகிறது?"

"கேஸே அங்கதான் இருக்கு. நட."

கேன்டீனுக்குப் பின்னால், சோடாப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் ஒரு கதவு. நாத்தனார் தட்டவில்லை, தள்ளினாள். உள்ளே ஒரு ஃபிரிட்ஜ், ஒரு ஸ்டூல், ஒரு மைக், நடுத்தர வயதில் ஒருவர். சுவரில் அரங்கத்தைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி ஜன்னல். நாத்தனார் நேராக அந்த ஜன்னலுக்குப் போய் மூக்கை ஒட்டிப் பார்த்தாள்.

"அண்ணி" என்றாள் மெதுவாக. "தூண் தெரியுது."

"தூணுக்குப் பக்கத்துல?"

"தூண்தான். கல்யாண மண்டபத் தூண் மாதிரி இத்தாம் பெருசு. இடது ஓரமா மேடை ஒரு முழம் தெரியுது. அதுலயும் பாதி திரைச்சீலை."

ஃபிரிட்ஜ் மறுபடி உறுமத் தொடங்கியது.

"நீங்கதான் அந்த ஹெட்போனா?" என்று வர்ணனையாளர் கேட்டார். "கேக்குறது ஒரே ஒருத்தர்னு தெரியும். மொத்தம் நாப்பது ஹெட்போன் இருக்கு. ஒண்ணுல மட்டும்தான் பேட்டரி தீரும்."

"சார், எட்டு மாசமா தூணைப் பாத்தா எனக்கு நாடகம் சொன்னீங்க?"

கதை வெளியே வந்தது. பழைய அரங்கத்தில் அவர் சும்மா பார்வையாளராக நாடகம் பார்க்க வருகிறவர். நல்ல குரல் என்று அழைத்து வேலை கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று சத்தம் வெளியே போகாத அறையாகத் தேடினார்கள். அப்படி இருந்தது சோடா அறை ஒன்றுதான். ஜன்னல் வெட்டிய பிறகுதான் தூண் இருப்பதைக் கவனித்தார்கள். கேமரா வைத்துத் திரை மாட்டித் தருகிறோம், அடுத்த வருஷம் என்றார்கள். அதுவரைக்கும் இயக்குநர் ஒத்திகைக்கு முன்னால் எழுதித் தருகிற காட்சிக் குறிப்பை வாங்கி, பின்னணி இசையைக் கேட்டு, கடிகாரத்தை வைத்து நேரம் பிசகாமல் படித்துக்கொண்டிருந்தார்.

"குதிரை?"

"குறிப்புல இருக்கு. வெள்ளைக் குதிரை, இடமிருந்து வலம், இருபது விநாடி."

"அது சக்கரம் உடைஞ்சு உள்ளேயே நிக்குதாம். படிக்கட்டு மேடைக் கதவுல நுழையாம பட்டறையிலயே கிடக்குதாம். ராஜாவுக்குக் கை சுளுக்கு, அதனால வாள் இல்லையாம். வாசல்ல டிக்கெட் கிழிக்கிறவருக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு" என்றாள் நாத்தனார்.

"மாத்தினா லைட்டுக்குச் சொல்வாங்க, இசைக்குச் சொல்வாங்க, உடைக்குச் சொல்வாங்க. ஒரு பட்டியல் இருக்கு, பதினோரு பேர். அதுல என் பேரு இல்லங்க."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். 'உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே'ன்னாங்க. உண்மையைச் சொன்னா, ஹெட்போனையே நிறுத்திருவாங்களோன்னு ஒரு பயம். நிறுத்திட்டா அந்த ஒருத்தரும் வரமாட்டாங்களே."

விமர்சகி அவரைத் திட்டுவதற்கென்று பாதை முழுவதும் கோத்துவைத்திருந்த வாக்கியங்கள் ஐந்து. ஐந்தும் உதிர்ந்தன. ஆட்டம் தொடங்கப் பதினைந்து நிமிஷம் இருந்தது. பக்கம் அச்சுக்குப் போக ஒரு நாள் இருந்தது.

"எழுந்திருங்க" என்றாள். "மைக்கையும் எடுத்துக்குங்க."

*

"அதெப்படிம்மா?" என்றார் மேலாளர். பன்னீர் வற்றிவிட்டது. "விமர்சகர் இருக்கை விமர்சகருக்குத்தான். அதுல வர்ணனையாளரை உக்கார வைக்க விதி இல்ல."

"அந்த இருக்கையோட விசேஷம் என்ன சார்?"

"அரங்கத்துலயே அங்கிருந்துதான் மேடை முழுசா, துல்லியமாத் தெரியும்."

"அதை எனக்குக் குடுத்திருக்கீங்க."

மேலாளர் இருக்கைப் பட்டியலைத் திறந்தார். மூடினார்.

"மேடையைப் பாத்துச் சொல்ல வேண்டியவரைத் தூணுக்குப் பின்னால வச்சிருக்கீங்க" என்று அவள் முடித்தாள். "நாங்க ரெண்டு பேரும் இடம் மாத்திக்கிறோம். அவ்வளவுதான்."

"நீங்க போய்ச் சோடா அறையில உக்காந்தா நல்லாவா இருக்கும்? ஒரு விமர்சகர். அங்கிருந்து ஒண்ணுமே தெரியாதும்மா."

"எனக்கு என்ன குறைச்சல் சார். எங்கிருந்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும்."

"பக்கத்து இருக்கைக்காரங்க சண்டைக்கு வருவாங்க. இவர் பேசிக்கிட்டே இருப்பாரே."

"வந்தா என் பேரைச் சொல்லுங்க" என்றாள் நாத்தனார், என்ன பேர், யார் என்று எதுவும் சொல்லாமல். அந்தத் தோரணைக்கே மேலாளர் வழிவிட்டார்.

மூன்று மணி. சோடா அறை. விமர்சகி ஸ்டூலில் உட்கார்ந்து ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டாள். இந்தத் தடவை ஹெட்போனை ஒரு காதில்தான் மாட்டியிருந்தாள்.

"வணக்கம்" என்றது குரல், கிசுகிசுப்பாக. "நான் நாலாம் வரிசையிலிருந்து பேசறேன். குறிப்பை மடிச்சுப் பையில வச்சுட்டேன். விளக்கு அணையுது. திரை மேல போகுது. ஐயோ, எவ்வளவு பெரிய மேடை."

"ஹலோ, கொஞ்சம் பேசாம இருங்க சார்" என்று யாரோ ஒருவர் மைக்கிலேயே அதட்டினார்.

"கண்ணு தெரியாதவங்களுக்காகச் சொல்றேங்க."

"எங்க இருக்காங்க?"

"சோடா அறையில."

அதட்டியவர் அதற்குமேல் கேட்கவில்லை. என்ன பதில் வந்தாலும் தனக்குப் புரியப்போவதில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

முதல் காட்சியில் வர்ணனையாளர் திணறினார். சிம்மாசனத்தைச் சொல்வதற்குள் ராஜா எழுந்துவிட்டார். ராஜாவைச் சொல்வதற்குள் போய்விட்டார். மெல்ல மெல்லப் பிடி கிடைத்தது. "தம்பி ராஜாவோட மீசை ஒரு பக்கம் ஒட்டாம ஆடுது. அவர் நாக்கால தள்ளி ஒட்டப் பாக்குறார். குதிரை வர வேண்டிய இடம். இசை வந்தாச்சு. குதிரை வரல. ஓரத்துல யாரோ கயிறு கட்டி இழுக்குறாங்க. ஆங், வருது. வாலு வந்துருச்சு. வாலோட நின்னுபோச்சு. குதிரை பின்பக்கமா வருதுங்க."

விமர்சகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாட்டில்கள் அவளோடு சேர்ந்து கிணுகிணுத்தன.

"சார்" என்றது அதே அதட்டல்காரரின் குரல், இப்போது கெஞ்சலாக. "தொந்தரவுக்கு மன்னிக்கணும். இப்ப வந்தது தம்பியா, தளபதியா? எனக்கு முதல்லயிருந்தே குழப்பம்."

"தளபதிங்க. தம்பிக்குத்தான் மீசை ஆடும்."

"அப்படிச் சொல்லுங்க" என்று இன்னொரு பெண் குரல் பெருமூச்சு விட்டது.

பிறகு அந்தப் புல்லாங்குழல் வந்தது. ராணி பதினெட்டுப் படி இறங்கி வரும் இடம்.

"படிக்கட்டு இல்ல. வெறும் தரை. ராணி மேடை ஓரத்துல நிக்கிறாங்க. தனியா. ஒரு காலை எடுத்து..."

குரல் நின்றது.

விமர்சகி ஹெட்போனைத் தட்டினாள். கம்பியைத் திருகினாள். புல்லாங்குழல் மட்டும் கேட்டது. பத்து விநாடி. இருபது. பேட்டரி போய்விட்டதா, ஆளையே வெளியே அனுப்பிவிட்டார்களா என்று அவள் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள். அந்த நேரத்தில் கைதட்டல் கிளம்பியது. போன தடவை கேட்ட அதே கைதட்டல். நிற்கவே இல்லை.

"மன்னிச்சுக்கோங்க" என்றது குரல், தடுமாறி. "பாத்துக்கிட்டே இருந்துட்டேன். சொல்லணும்ங்கிறதே மறந்துபோச்சு."

"என்ன நடந்துச்சு?" என்று அவள் ஃபிரிட்ஜைக் கேட்டாள். அவள் பேசுவது அவருக்குக் கேட்காது.

"படி இல்லாத தரையில அந்தம்மா படி இறங்கினாங்க. ஒவ்வொரு படிக்கும் உடம்பு ஒரு விரற்கடை தாழுது. முட்டி மடங்குறது வெளிய தெரியவே இல்ல. மேல நின்னப்ப ராணி. கீழ வர வர ஒரு சாதாரணப் பொம்பளை. பன்னிரண்டாவது படியில சேலை தடுக்கி, இல்லாத கைப்பிடியைப் பிடிச்சாங்க. நானும் கையை நீட்டிட்டேன். பதினெட்டுப் படி. எண்ணினேன்."

விமர்சகி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. அந்தக் கைதட்டலைத்தான் அவள் ஒரு பாரா எழுதித் தச்சருக்குத் தூக்கிக் கொடுத்திருந்தாள். அந்த நடிகை பத்திரிகையைப் பிரித்து அதைப் படித்திருப்பாள்.

ஆட்டம் முடிந்ததும் மேலாளர் வர்ணனையாளரை நோக்கி வேகமாக வந்தார். அவருக்கு முன்னால் அதட்டல்காரர் வந்து நின்றார்.

"இவர் நாளைக்கும் இருப்பாரா? என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வரலாம்னு பாக்கிறேன்."

"இருப்பார்" என்றார் மேலாளர். பார்வையாளர் எதைக் கேட்டாலும் இருக்கிறது என்று சொல்லிப் பழகிய வாய். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

*

வீடு போய்ச் சேர்வதற்குள் ஆசிரியரிடமிருந்து போன் வந்துவிட்டது. இந்தத் தடவை நலமெல்லாம் விசாரித்தார்.

"கவலையே படாதீங்க மேடம். வேற ரெண்டு பத்திரிகை இன்னிக்கு வந்திருக்கு. ரெண்டுலயும் அந்த நாடகத்துக்கு விமர்சனம். ரெண்டு பேருமே குதிரையைப் பாராட்டியிருக்காங்க. ஒருத்தர் வாள் சண்டையில பொறி பறந்துச்சுங்கிறார்."

"அவங்க எங்க உக்காந்து பாத்தாங்களாம்?"

"வீட்டுல உக்காந்துதான். நோட்டீஸ் கைக்கு வந்தாச்சுன்னா சிலர் வெளிய கிளம்புறதே இல்ல, உங்களுக்குத் தெரியாததா. ஆனா மூணு பேர் பாத்துட்டா அது குதிரைதான். முதலாளியும் சமாதானம் ஆயிட்டார். விளக்கம் வேண்டாம். அடுத்த நாடகத்துக்கு எழுதுங்க."

பத்தி பிழைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் அவள் தொடையைக் கிள்ளினாள். அந்தக் கிள்ளலுக்குச் 'சரின்னு சொல்லித் தொலைங்க' என்று பொருள்.

"காலையில எழுதி அனுப்புறேன் சார்" என்றாள் விமர்சகி.

"எதை?"

"விளக்கத்தை."

வியாழன் காலை பதினொரு மணிக்கு அனுப்பினாள். முதல் வரியே, 'போன வாரம் நான் பாராட்டிய குதிரை மேடைக்கு வரவில்லை' என்றிருந்தது. தூணைப் பற்றி எழுதினாள், வர்ணனையாளர் பெயர் இல்லாத பட்டியலைப் பற்றி எழுதினாள், கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கும் பலகையைப் பற்றியும் எழுதினாள். மீதி முழுவதும் இல்லாத பதினெட்டுப் படிகள். பன்னிரண்டாவது படிக்கு மட்டும் ஒரு தனிப் பாரா.

பதினொன்றரைக்கு ஆசிரியர் அழைத்தார். "நல்லாத்தான் இருக்கு. அதான் பிரச்சினை. மூடி மறைச்சதை நீங்களே தோண்டி எடுத்து வெளிய போடுறீங்க. முதலாளி பத்தியையே நிறுத்தினாலும் நிறுத்துவார்."

"நிறுத்தட்டும் சார். இது வந்த பிறகு நிறுத்தட்டும்."

பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. விமர்சகி தையற்கடையில் வந்து உட்கார்ந்திருந்தாள்; நாத்தனார் ஒரே சட்டைக்கு மூன்று தடவை பொத்தான் தைத்துப் பிரித்தாள். இரண்டரைக்கு மறுபடி மணி அடித்தது.

"படிச்சுட்டார்" என்றார் ஆசிரியர். "போடலாம்ங்கிறார். பத்தியும் இருக்கட்டும்ங்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. பக்கத்து மேல, இந்த விமர்சகருக்குக் கண் தெரியாதுன்னு ஒரு குறிப்பு போடணுமாம். வாசகருக்கு உண்மை தெரியணுமாம்."

கடையில் தையல் மிஷின் நின்றது. நாத்தனார் கத்தரிக்கோலைக் கீழே வைத்தது கேட்டது.

"தாராளமாப் போடுங்க" என்றாள் விமர்சகி. "கூடவே, அந்த ரெண்டு பத்திரிகை விமர்சகர்களுக்கும் கண் நல்லாத் தெரியும்னு இன்னொரு குறிப்பும் போட்டிருங்க. குதிரையைப் பாத்தவங்க அவங்கதானே. வாசகருக்கு அந்த உண்மையும் தெரியட்டும்."

எதிர்முனையில் மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு ரிசீவரைக் கையால் பொத்துகிற சத்தம். பொத்திய கைக்குள்ளிருந்து பேச்சு, அப்புறம் வேறொரு தொண்டையிலிருந்து ஒரு கனமான சிரிப்பு. இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் அவளுக்கு அது எந்த வார்டு என்று சொல்லத் தெரியவில்லை.

"மேடம்" என்று ஆசிரியர் திரும்பி வந்தார். "குறிப்பு வேண்டாமாம். அப்படியே போகுது. பக்கத்தை அனுப்பிட்டேன்."

"நன்றி சார்."

"இருங்க, வச்சிராதீங்க. முதலாளி ஞாயித்துக்கிழமை சம்சாரத்தோட அந்த நாடகத்துக்கு வர்றாராம். ரெண்டு ஹெட்போன் எடுத்து வைக்கச் சொல்ல முடியுமாங்கிறார்."

"அவருக்கு எதுக்கு சார்?"

ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். "போன வாரமே போய்ப் பாத்துட்டு வந்தாராம். யாரு அண்ணன், யாரு தம்பின்னு கடைசிவரைக்கும் தெரியலையாம்."